கிங்கா வீட்டுப் பெட்டி

ரெகினாவுக்குப் பயப்படத் தெரியும் என்று சொன்னால் போதாது, அதில் அவளுக்கு ஒரு கைத்தேர்ச்சியே உண்டு. பால் பொங்கி வழிந்தால் வீடு பற்றிக்கொள்ளும் என்பாள். மகள் சபினா ஒருநாள் போன் பண்ணவில்லை என்றால் எங்காவது ரயில் கவிழ்ந்ததா என்று டிவியைப் போட்டுப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், வீட்டைச் சூடாக்க நிலவறையில் இருக்கும் கரி பாய்லரைத் தூக்கிவிட்டு, மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் வைக்கலாமா வேண்டாமா, இந்த மாசக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள் என்றால் என்ன ஆகும்? அந்த அக்டோபர் முழுக்க அவள் ராத்திரி ஒன்றை முடிவு பண்ணுவாள், காலையில் அதையே மாற்றுவாள்.

ரிப்னிக்குக்கு வெளியே எங்கள் சுரங்கத் தெருவில் எல்லா வீடும் ஒரே அச்சு. சிவப்புச் செங்கல், கீழே ஒரு நிலவறை, அதற்குள் ஒரு பாய்லர். குளிர்காலம் வந்தால் சாயங்காலம் அத்தனை புகைபோக்கியும் ஒன்றாகக் கக்கும். துணி காயப்போட முடியாது. ஜன்னல் திறக்க முடியாது. இதெல்லாம் யாருக்கும் புதுசில்லை. புகையைக் குறை சொன்னால், "இந்தப் புகைதானே உனக்குச் சோறு போட்டுச்சு?" என்று ஒரு கிழவனாவது கேட்பான்.

ரெகினாவின் புருஷன் கின்டர் கரிச் சுரங்கத்தில் காற்றுப் பிரிவில் வேலை பார்த்தவர். பூமிக்கு அடியில் எந்தக் கதவைத் திறந்தால் காற்று எங்கே போகும், எதை அடைத்தால் எங்கே மூச்சு முட்டும் என்று பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஒரு ஷிஃப்டு ஆட்களுக்கு மொத்தமாகக் காற்று அனுப்பியவர். இப்போது தன் ஒரு நெஞ்சுக்குப் போதுமானது அனுப்ப முடியவில்லை. நுரையீரல் முழுக்கத் தூசி. படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு வந்தாலே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

அதனால் பாய்லருக்குத் தீனி போடும் வேலை ரெகினாவின் தலையில் விழுந்தது. அவளுக்கும் அறுபது தாண்டியாயிற்று, முழங்கால் வலி வேறு. காலையில் இறங்கிச் சாம்பலை வாரி, கரியை அள்ளிப் போட்டுப் பற்றவைத்து ஏறி வருவாள். பாய்லர் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கட்டுப் புகை படியேறி அவளுக்கு முன்னால் வீட்டுக்குள் போய்விடும். மேலே கின்டர் இருமுவது கீழே கேட்கும். அவர் இருமலைக் கேட்டுக்கொண்டே அவர் இருமலுக்குக் காரணமானதை அள்ளிப் போடுகிற கொடுமை யாருக்கும் வரவேண்டாம்.

வசந்தத்தில் டாக்டரம்மா அவளைத் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள், இன்னொரு குளிர்காலம் இந்தப் புகைக்குள்ளேயே இருந்தார் என்றால் அதற்கடுத்த வசந்தத்தைப் பற்றித் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று. ரெகினா தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது, டாக்டரம்மா என்ன சொன்னாள் என்று கின்டர் கேட்டதற்கு, உப்பைக் குறைக்கச் சொன்னாள் என்றாள்.

சபினா விரோட்ஸ்வா நகரத்திலிருந்து தினம் போனில் நச்சரித்தாள். அரசு மானியம் இருக்கிறது, பாதிக்கு மேல் அவர்களே தருகிறார்கள், பழைய பாய்லர் இனிச் சட்டப்படியும் கூடாது, ஹீட் பம்ப் வையுங்கள், புகையும் இல்லை சாம்பலும் இல்லை, அப்பா நிம்மதியாக மூச்சு விடட்டும். எல்லாம் நியாயம்தான். ஆனால் ரெகினாவுக்குக் கண்ணை மூடினால் மீன்கள் தெரிந்தன.

அந்த மீன்கள் கிங்கா வீட்டு மீன்கள்.

அடுத்த வீட்டு கிங்கா மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், புதுசு எது வந்தாலும் முதலில் வாங்குகிறவள். எங்கள் தெருவில் ஹீட் பம்ப் வைத்த முதல் வீடும் அவளுடையதுதான். பக்கத்துச் சுவரோரம், ரெகினாவின் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு வெள்ளைப் பெட்டி, அதன் நெஞ்சில் ஒரு பெரிய விசிறி. "இதுவா வீட்டச் சூடாக்குது?" என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. முதல் குளிர்காலத்தில் சமர்த்தாகத்தான் ஓடியது. அதைப் பார்த்து இன்னும் சில வீடுகள் கூட வைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

இரண்டாவது வருஷம் ஜனவரியில் பள்ளி விடுமுறைக்குக் கிங்கா குடும்பத்தோடு மலைக்குப் பனிச்சறுக்குக்குப் போனாள். சாவியை ரெகினாவிடம் கொடுத்து, பூனைக்குச் சோறும் மீனுக்குத் தீனியும் போடுங்கள், வீட்டை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ரெகினாவிடம் பொறுப்பைக் கொடுத்தால் அவள் சும்மா இருப்பாளா? தன் வீட்டைவிட அதிகமாகப் பார்த்துக்கொண்டாள். இரண்டாம் நாள் பெருங்குளிர் வந்தது. மைனஸ் இருபது என்று ரேடியோவில் சொன்னார்கள். நம் ஊரில் முதல் உறைபனி வருமுன்னே ரோஜாவுக்கு வைக்கோல் கட்டுவோம், தோட்டத்துக் குழாய்க்குச் சாக்குச் சுற்றுவோம், தேன்கூட்டுப் பெட்டிக்குப் பழைய போர்வை போர்த்துவோம். ரெகினா, கிங்கா கட்டாமல் விட்டிருந்த ரோஜாவைக் கட்டினாள், குழாயைச் சுற்றினாள், அப்படியே திரும்பினால் அந்த வெள்ளைப் பெட்டி மொட்டையாக நின்றுகொண்டிருந்தது. பாவமாக இருந்தது. வீட்டிலிருந்து, போர்த்திக்கொள்ளும் பழைய இறகு மெத்தை ஒன்றை எடுத்து வந்து போர்த்திக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினாள்.

மறுநாள் போனால் வீடு ஜில்லென்று கிடந்தது. கிங்காவுக்குப் போன் போட்டாள். அவள் சொன்ன பொத்தானையெல்லாம் அமுக்கினாள். பெட்டி செத்தது செத்ததுதான். மலைப்பாதை பனியில் அடைத்துக்கிடந்ததால் கிங்காவால் உடனே கிளம்பவும் முடியவில்லை. குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ரெகினா இன்னொரு கம்பளியையும் கொண்டுவந்து அதன்மேல் போட்டாள். பூனையைத் தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். மீன் தொட்டியைத் தூக்க முடியவில்லை. வெளிச்சுவர்க் குழாய் வெடித்தது, ஆசையாகப் போட்ட மரத்தரை ஊறி உப்பியது. குளிர் விட்டதும் நனைந்த மெத்தையையும் கம்பளியையும் அவிழ்த்து வந்து காயப்போட்டாள். அடுத்த நாள் கிங்கா வந்து மீன்தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு கிடந்தன.

அதற்குப் பிறகு ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பெட்டி வைத்துக் கொடுத்தவன் ஓஸ்கார், பக்கத்து ஊர்க்காரன். வந்து திறந்து பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றான். பெட்டி மறுபடி ஓடவும் ஓடியது. "குறை இல்லாமலா என் மீன் செத்துச்சு?" என்று கிங்கா அவனை வாசலில் நிறுத்தித் தெருவே கேட்கக் கிழித்தாள். கண்ணால் பார்த்த சாட்சி ரெகினா. பூசை முடிந்து கோயில் வாசலிலும், கறிக்கடை வரிசையிலும், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். மைனஸ் இருபது வந்தால் அந்தப் பெட்டி நின்றுவிடும், நானே பார்த்தேன். வைப்பதாக இருந்த வீடுகள் எல்லாம் பின்வாங்கின. கிங்கா சமையலறையில் ஒரு விறகு அடுப்பு வைத்துக்கொண்டு, குளிர் ஏறினால் இன்றைக்கும் தூங்காமல் எழுந்து எழுந்து ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கிறாள்.

இப்போது சொல்லுங்கள், ரெகினா எப்படி முடிவெடுப்பாள்? பாய்லர் இருந்தால் புகை அவரைக் கொல்லும். ஹீட் பம்ப் வந்து பெருங்குளிரில் நின்றுபோனால் குளிர் அவரைக் கொல்லும். இருதலைக் கொள்ளி எறும்பு என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. சமையலறையில் உருளைக்கிழங்கு உருண்டை பிடித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் விரலால் குழி வைக்கும்போது அவளுக்குத் திடீரென்று கை நின்றுவிடும். மெத்தைக்குள் முகம் நீலமாகக் கின்டர் கிடப்பது போலத் தோன்றும். உடனே போய் அவர் கையைத் தொட்டுப் பார்ப்பாள். "என்ன, உயிர் இருக்கான்னு பாக்குறியா?" என்பார் அவர்.

கின்டருக்கு இதில் குழப்பமே இல்லை. பேச்சு எடுத்தாலே, "கிங்கா வீட்டப் பாத்தோமே" என்பார். அதோடு முடிந்தது. சபினாவிடமும் அதையே சொன்னார். டாக்டரம்மாவிடம்கூட ஒருமுறை சொன்னார்.

அவருக்கென்று ஒரு சந்தோஷம் மிச்சம் இருந்தது என்றால் அது கரி வண்டிதான். ஓய்வு பெற்றவர்களுக்குச் சுரங்கம் சும்மா தந்துகொண்டிருந்த கரிக்குப் பதில் காசு என்று எப்போதோ மாறிவிட்டது. மனுஷன் அந்தக் காசைக் கொண்டுபோய்த் தன் சுரங்கத்துக் கரியையே வாங்குவார். செப்டம்பரில் வண்டி வரும் அன்றைக்குச் சவரம் செய்துகொண்டு, வாசல் கேட்டைப் பிடித்தபடி நிற்பார். வண்டிக்காரன் இறங்கி, சுரங்கத்து வழக்கப்படி "கடவுள் துணை, கின்டர் ஐயா" என்பான். கரியைத் தெருவிலேயே கொட்டிவிட்டுப் போவான். கின்டர் ஒரு கட்டியை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "நம்ம கரி" என்பார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். தெருவில் கிடக்கும் அந்தக் குவியலை நிலவறை ஜன்னல் வழியே உள்ளே தள்ளுவது ரெகினாவின் வேலை.

சபினா அம்மாவைக் கேட்காமலே ஒரு ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள், வீட்டைப் பார்த்து அளவெடுக்க. கதவைத் திறந்தால் ஓஸ்கார் நிற்கிறான். ரெகினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்கும் அதே கதிதான், முகம் சுருங்கிவிட்டது. இந்தத் தெருவில் அவனைப் பற்றி யார் என்ன பேசினார்கள் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் காலணியைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, "உங்க பொண்ணு வரச் சொன்னாங்கம்மா. வேண்டாம்னா போயிடுறேன்" என்றான். வந்தவனைத் துரத்துகிற பழக்கம் ரெகினாவுக்கு இல்லை. காபி போட்டாள். கசகசா வைத்த கேக் ஒரு துண்டு வெட்டி வைத்தாள்.

அவன் ஒவ்வொரு அறையாகப் போய் ரேடியேட்டரை அளந்தான், ஜன்னலைத் தட்டினான், பரணில் ஏறிப் பார்த்தான். குளிர் இறங்காமல் கூரைக்குப் பஞ்சு நன்றாகப் போட்டிருக்கிறீர்கள், இந்த வீட்டுக்குத் தாராளமாக வைக்கலாம் என்றான். கின்டர் படுக்கையறையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

ரெகினாவால் அடக்க முடியவில்லை. மைனஸ் இருபதில் நின்றுபோனால் என்ன செய்வது, கிங்கா வீட்டில் ஆனது போல ஆனால் இந்த மனுஷனை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது என்று கேட்டேவிட்டாள்.

ஓஸ்கார் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ரெகினாம்மா, அந்தப் பெட்டி ஏன் நின்னுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ரெண்டு தடவ பிரிச்சுப் பாத்துட்டேன். உள்ள முழுக்கப் பனிக்கட்டியா இருந்திருக்கு. யாரோ மூக்கையும் வாயையும் பொத்திப் பிடிச்ச மாதிரி. அது வெளிக்காத்த இழுத்து, அதுல இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்ட எடுத்துத்தான் உள்ள அனுப்புது. குளிர் ஒண்ணும் பண்ணாது. காத்துதான் போகணும். உங்க வீட்டுல வச்சா ஒண்ணே ஒண்ண மட்டும் பாத்துக்கங்க. அது முன்னாடி எதையும் வைக்காதீங்க, மேல எதையும் போத்தாதீங்க. ஒரு ஊர்ல ஒருத்தர் குளிருதேன்னு கோட்டு மாட்டி விட்டிருந்தார்."

கோட்டுக் கதைக்குச் சிரிப்பாள் என்று எதிர்பார்த்து அவன் நிமிர்ந்து பார்த்தான். ரெகினா சிரிக்கவில்லை. கேக்கை வெட்டிய கத்தியை அவள் இன்னும் கையிலேயே வைத்திருந்தாள். அவளுக்குக் காது அடைத்துவிட்டது. அவன் இன்னும் ஏதோ சொன்னான், தாளை மேஜைமேல் வைத்தான், கையெழுத்துப் போட்டு வைத்தால் வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினான். வாசல் வரை கூடப் போனாள். அவன் காலணி மாட்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். வரவில்லை.

அப்படியே வந்து படுக்கையறை வாசலில் நின்றாள்.

இதை யாரிடமாவது அப்போதே சொல்லியிருந்தால்! ஆனால் ரோஜாவுக்கு வைக்கோல் கட்டியதை யாராவது ஊரைக் கூட்டிச் சொல்வார்களா? போர்த்தினாள், அவிழ்த்தாள், அதோடு மறந்தாள். போர்த்தியதும் பெட்டி நின்றதும் அவள் மனசில் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததே இல்லை. கிங்காவின் மீன், கிங்காவின் தரை, நடுத்தெருவில் ஏச்சு வாங்கிய அந்த ஓஸ்கார், புகையிலேயே இருந்துவிட்ட மற்ற வீடுகள், எல்லாம் அவள் கைவேலை. எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பயத்தில் இந்த மனுஷனைப் புகைக்குள் படுக்கவைத்த இரண்டு குளிர்காலம்.

"கின்டர்," என்றாள், "கிங்கா வீட்டுப் பெட்டிய நான்தான் கொன்னேன். மெத்தையப் போட்டு மூடினேன். நான்தான்."

கின்டர் கூரையைப் பார்த்தபடி, "தெரியும்" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. ஓஸ்கார் சொன்னது உள்ளே கேட்டுவிட்டதா என்று கேட்டாள்.

"அன்னைக்கே தெரியும். சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ கயிறு கட்டினதையும் பாத்தேன். ரெண்டாவது நாளு கம்பளியோட போனதையும் பாத்தேன். காத்து வழிய அடைச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா, ரெகினா?"

ரெகினா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தன்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார், ஊர் சிரிக்கக் கூடாதென்று பொறுத்துக்கொண்டார் என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அவர் கையைப் பிடிக்கப் போனாள். கின்டர் கையை இழுத்துக்கொண்டார். செய்யாத நல்லதுக்குப் பேர் வாங்கிக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

"உனக்காக இல்ல," என்றார். மூச்சுக்கு நிறுத்தினார். "மொத நாள் சோம்பேறித்தனம். வெளிய வந்து சொல்ல முடியல. அப்புறம் ஊரே அந்தப் பெட்டியத் திட்ட ஆரம்பிச்சதும் எனக்கு வசதியாப் போச்சு. சொல்லியிருந்தா நீயும் அதே பெட்டிய வச்சிருப்பே. கரி வண்டி நம்ம வாசல்ல நிக்காது. கின்டர் ஐயான்னு கூப்பிட இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

ரெகினாவுக்கு அழுகை நின்றுபோனது. அந்த இடத்தில் கோபம் வந்தது. அவள் அப்படிக் கோபப்பட்டு எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை, அவளே பார்த்ததில்லை. கிங்கா வீட்டப் பாத்தோமே, கிங்கா வீட்டப் பாத்தோமே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார். அவள் பயத்தை எடுத்துத் தன் வாசலுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டாரே இந்த மனுஷன்!

"அந்த வண்டி கொட்டிட்டுப் போன கரிய யாரு அள்ளுனா?" என்றாள். குரல் உயரவில்லை. "இந்த முழங்காலோட தினம் யாரு எறங்குனா? நீ இருமுறத கீழ நின்னு கேட்டுக்கிட்டே நான் போட்டேன் கின்டர். டாக்டரம்மா என்ன சொன்னான்னு தெரியுமா உனக்கு? உப்பப் பத்தி ஒண்ணும் சொல்லல. அடுத்த வசந்தத்துக்கு நீ இருக்க மாட்டேன்னு சொன்னா. அத நெஞ்சுல வச்சுக்கிட்டு நான் அள்ளிப் போட்டேன்."

கின்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் சொன்னது அவரை உலுக்கியதா, அதை இவள் தனியாகச் சுமந்ததா, எது என்று தெரியாது. "எனக்கு நீ சொல்லவே இல்லையே" என்றார். "நீ எனக்குச் சொன்னியா?" என்றாள் அவள்.

ரெகினா எழுந்து சமையலறைக்குப் போனாள். மேஜைமேல் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டாள். மைனஸ் இருபதும் மின்சாரம் போவதும் அவள் தலைக்குள் இருந்து எங்கேயும் போய்விடவில்லை. பயம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குச் சாட்சி சொல்ல இனி கிங்கா வீட்டு மீன்கள் இல்லை. பாய்லர் போகுது என்று உள்ளே கேட்கும்படி சொன்னாள். பிறகு கோட்டை எடுத்து மாட்டினாள்.

எங்கே என்று கேட்டார் கின்டர். கிங்கா வீட்டுக்கு என்றாள். அவள் காறித் துப்பினாலும் சரி, போய்ச் சொல்லிவிட்டு வரப்போகிறேன், அதற்கப்புறம் ஓஸ்காரிடமும் சொல்ல வேண்டும் என்றாள். நாளைக்குக் கறிக்கடை வரிசையில் எந்த முகத்தோடு நிற்பது? மெத்தைக்காரி என்று பேர் வைத்துவிடுவார்கள். எங்கள் தெருவைப் பற்றி அவளுக்குத் தெரியாதா, சாகும்வரை அந்தப் பேர்தான்.

கதவைத் திறக்கும்போது பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம். கின்டர் தொப்பியை வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். வீட்டுச் செருப்போடேயே வந்தார். உன்னால் முடியாது, போய்ப் படு என்றாள் அவள்.

"நீ தெரியாமப் போத்தினே," என்றார். "தெரிஞ்சும் சும்மா இருந்தது நான். அத நீ போய்ச் சொல்ல முடியாது."

அவள் தடுக்கவில்லை. கையைக் கொடுத்தாள். ரெகினா வாசலிலிருந்து கிங்கா வாசலுக்கு ஒரு குழந்தை தவழ்ந்தே போய்விடும். அவர்கள் இருவரும் வேலிக் கம்பி ஒவ்வொன்றாகப் பிடித்து நின்று நின்று போனார்கள். தெருவில் புகை இறங்கத் தொடங்கியிருந்தது. எதிர்வீட்டுத் திரை ஒன்று விலகியது, மூடியது. கிங்கா வீட்டுப் படியில் கின்டர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார். ரெகினா மணியை அடித்தாள்.

கிங்கா ஈரக்கையோடு வந்து கதவைத் திறந்தாள். இருவரையும் பார்த்து அவள் முகம் மாறியது. "என்னாச்சு? ஆம்புலன்ஸக் கூப்பிடவா?"

கின்டர் இல்லை என்று கையை ஆட்டினார். வாயைத் திறந்தார். மூச்சு வந்தது, வார்த்தை வரவில்லை. மறுபடி திறந்தார். கிங்கா பதறிப்போய் ரெகினாவைப் பார்த்தாள். ரெகினாவுக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட முடியும், நாக்கு நுனியில் இருந்தது. கின்டர் அவள் முழங்கையை இறுக்கினார். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவருக்கு மூச்சு வரட்டும் என்று மூன்று பேரும் திறந்த கதவில் நின்றார்கள்.